மூடாமல் எழும்பாதவர்

அவரைச் சாப்பிடக் கூப்பிடுவதே அந்த நாட்களில் எனக்கு ஒரு தனி வேலையாக இருந்தது. படியில் நின்று ஒருதரம் கூப்பிட்டால் "ஓம் வாறன்" என்பார். வரமாட்டார். இன்னொருதரம் கூப்பிட்டால் அதே "ஓம் வாறன்", அதே குரலில். சோறு ஆறிப்போகும். கடைசியில் நானே பட்டறைக்கு இறங்கிப் போனால், அவருக்கு முன்னால் ஏதாவது ஒரு பூட்டு வயிறு திறந்து கிடக்கும். அதன் சில்லுகளும் சுருள்கம்பிகளும் பழைய பேப்பரில் வரிசையாகப் பரவிக் கிடக்கும். "மூடாமல் எழும்ப மாட்டன் பிள்ளை" என்பார். கோபமாகச் சொல்லமாட்டார், வெளியில் மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொல்வார். கோபம் எனக்குத்தான் வரும்.

சுவிஸில், வின்டர்தூரிலிருந்து பஸ் பிடித்துப் போகவேண்டிய ஊர் அது. எண்பதுகளின் நடுப்பகுதி. கீழே பட்டறை, மேலே நானும் என் கணவரும் இருந்த வீடு, எங்களுக்கும் மேலே கூரையடியில் அவருடைய அறை. சொந்தமில்லை, ஆனால் நாங்கள் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். மூன்று பேருமே அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். கட்டடமும் பட்டறையும் ஒரு வயதான சுவிஸ்காரருக்குச் சொந்தம். அங்கே முதலாளியை ஷெஃப் என்பார்கள்; அண்ணை அவரை அப்படிக் கூப்பிட்டதால் நாங்களும் ஷெஃப் என்றோம். பூட்டு, கேற், சைக்கிள் எல்லாம் திருத்துவார். துவக்கும், அதுதான் துப்பாக்கியும், திருத்துவார். அதற்கான அரசாங்க அனுமதி கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கியது.

அண்ணைக்குக் கொடுத்திருந்த வேலை அனுமதியோ கூட்டித் துடைக்கிற வேலைக்கு மட்டும்தான். ஆனால் ஷெஃப்பின் வலதுகை நடுங்கத் தொடங்கியிருந்தது. ஊரில் எவருக்கும் அது தெரியாது. ஆட்கள் வந்தால் கையை ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்பார். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் தண்ணீர்ப் பம்ப் திருத்தும் கடை வைத்திருந்த அண்ணை, ஒருநாள் விளக்குமாற்றை வைத்துவிட்டு அவர் கையிலிருந்த அரத்தை வாங்கினார். அதற்குப் பிறகு ஷெஃப் பக்கத்தில் நிற்பார், அண்ணை செய்வார். எனக்கு ஜெர்மன் கொஞ்சம் பிடிபட்டிருந்ததால் இரண்டு பேருக்கும் இடையில் நான்தான் வாய்.

அண்ணையின் இந்தப் பழக்கத்தை ஆரம்பத்தில் நாங்கள் பகிடியாகத்தான் எடுத்தோம். நிலக்கீழறையில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு உடுப்புத் தோய்க்கும் மெசின் இருந்தது. யாருக்கு எந்த நாள் என்பது அந்த நாட்டில் வேதவாக்கு. எங்கள் நாள் முடிகிற நேரம் பார்த்து மெசின் தண்ணீரை வெளியே விடாமல் நின்றுவிட்டது. அண்ணை அதன் பின்பக்கத்தைக் கழற்றிவிட்டார். அடுத்த நாளுக்குரிய பக்கத்து வீட்டு மனுசி விடியக்காலமே கூடையோடு வந்து நின்றாள். தன்னுடைய நாள் என்றாள். அண்ணை தலையை மெசினுக்குள் விட்டபடியே "ஒரு மினிட்" என்றார். அந்த ஒரு மினிட் மத்தியானம் வரைக்கும் போனது. இரக்கப்பட்டு மனுசியே கோப்பி கொண்டுவந்து வைத்தாள். அது ஆடை கட்டிக் கிடந்தது. ஆனால் மெசின் ஓடியது. அதற்குப் பிறகு அந்த மனுசி எங்களைக் கண்டால் முதலில் தான் வணக்கம் சொல்வாள்.

எல்லாம் அப்படிச் சிரிப்போடு முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தமிழ்ப் பொடியன்களுக்கு அவர் தலைமயிர் வெட்டிவிடுவார். ஒரு ஞாயிறு என் கணவர் துணியைப் போர்த்திக்கொண்டு இருக்கிறார், ஒரு பக்கம் வெட்டியாயிற்று. கீழே ஷெஃப்பின் தொலைபேசி அடித்தது, ஷெஃப் எடுத்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். கொழும்பிலிருந்து மாமி, என் கணவரின் தாய். மாமி எடுப்பதென்றால் யாரோ ஒருவர் வீட்டில் போய்க் கெஞ்சி நின்று எடுக்கவேண்டும். என் கணவர் எழும்பப் பார்த்தார். அண்ணை தோளைப் பிடித்து அமர்த்தினார்.

"அரைத்தலையோட எங்கை ஓடுறாய்? இரு, இந்தா முடிஞ்சுது."

"அம்மா அண்ணை! லைன் கட்டாகிடும்!"

"கட்டாகாது. இரு."

கட்டாகிவிட்டது. என் கணவர் கீழே போனபோது தொலைபேசி இரைந்துகொண்டிருந்தது. அந்த ஆத்திரத்தில் அவர் அண்ணையோடு வெகுநாள் கதைக்கவில்லை. அண்ணை மன்னிப்புக் கேட்கவுமில்லை, அது மன்னிப்புக் கேட்கிற விஷயம் என்று அவருக்கு விளங்கியதாகவும் தெரியவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு இந்த மனுஷனை நினைத்து முதன்முதலாகப் பயம் வந்தது. நல்ல மனுஷன்தான். ஆனால் ஒரு வேலையில் கை வைத்துவிட்டால் அவருக்கு முன்னால் தாய் தகப்பன் எவரும் கிடையாது.

ஏன் இப்படி என்று நான் ஒருநாள் கேட்டே விட்டேன். சுன்னாகத்தில் ஒருவருடைய பம்பைக் கழற்றிப் பரவி வைத்துவிட்டு, ஒரு வாஷர் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். அந்த நேரம் பார்த்து பம்ப்காரரின் தம்பி வந்திருக்கிறான். சாமான்கள் சிதறிக் கிடப்பதைக் கண்டு, பாதியைக் கழற்றி விற்றுவிட்டான் என்று முடிவுகட்டி, திரும்பி வந்த அண்ணைக்குச் சந்தியில் வைத்து அடித்திருக்கிறான். பூட்டி முடித்த பம்ப் தண்ணீர் இறைத்தபோதும் ஊரில் பாதிப்பேர் நம்பவில்லையாம். "பாதியில பாத்தால் எல்லாம் களவு மாதிரித்தான் பிள்ளை தெரியும்" என்றார். இதை அவர் அடிக்கடி சொல்வார். அரிசி களையும்போது எட்டிப் பார்த்தால்கூடச் சொல்வார்.

துவக்கு என்றால் எனக்கு ஊரிலேயே பயம். இங்கே என்னடா என்றால், பட்டாளத்திலிருந்து லீவில் போகும் பொடியன்கள் துவக்கைத் தோளில் கொழுவிக்கொண்டு ரயிலில் ஐஸ்கிரீம் தின்கிறார்கள். சனிக்கிழமைகளில் மலைச்சரிவில் ஊரே கூடிச் சுட்டுப் பழகும். முதல்முறை அந்தச் சத்தம் கேட்டபோது நான் கறிச்சட்டியோடு மேசைக்குக் கீழே போய்விட்டேன். அண்ணைக்கு அந்தப் பயம் இருந்ததா தெரியாது. துவக்கும் அவருக்குப் பூட்டு மாதிரித்தான், திறந்தால் மூடவேண்டிய ஒரு சாமான்.

சூக் நகரத்தில் ஒரு பெரிய கம்பனியில் வேலை செய்த அமெரிக்கர் ஒருவர் தன் துவக்கைக் கொண்டுவந்தார். குழலின் வாயில், உலக்கைக்குப் பூண் போட்டதுபோல ஒரு துண்டு. எங்கேயோ விழுந்து அது நசுங்கியிருந்தது. புதிதாக ஒன்று கொண்டுவந்திருந்தார். கழற்றி மாற்றுவதற்கு என்ன என்று நினைப்போம். அங்கேதான் சிக்கல். அந்தப் பூண் கழற்றுவதற்காகப் போட்டதல்ல. ஆணி அடித்து, அதன்மேல் வெல்ட் பண்ணி, குழலோடு குழலாக ஆக்கியது. ஏனென்றால் அமெரிக்கரின் நாட்டில் துவக்குக் குழலுக்கு இவ்வளவு நீளம் இருக்கவேண்டும் என்று ஒரு சட்டம். இந்தக் குழல் அதைவிடக் கட்டை. பூண் நிரந்தரமாக ஒட்டியிருந்தால் அதையும் சேர்த்து அளப்பார்கள், அப்போது சட்டத்துக்குள் வந்துவிடும். கையால் கழற்றக்கூடிய பூணைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். அவர் விரைவில் நாடு திரும்புகிறவர், துவக்கும் கூடப் போகவேண்டும்.

நான் இதை மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல அண்ணையின் முகம் மாறியது.

"அப்ப பழசைக் கழட்டினதுக்கும் புதுசை ஒட்டுறதுக்கும் இடையில அது என்ன?"

நான் ஷெஃப்பிடம் கேட்டேன். ஷெஃப் சிரித்தார். "அவருடைய நாட்டில் என்றால் பிடித்து மறியலில் போடுவார்கள். இங்கே ஒருவரும் கேட்கமாட்டார்கள்."

அண்ணை சிரிக்கவில்லை. "அப்ப ஒரே இருப்பில முடிக்கவேணும்" என்றார்.

அந்த நேரத்தில் அண்ணைக்கு முதல் நெகட்டிவ் வந்திருந்தது. அகதி விண்ணப்பத்தை நிராகரித்தால் எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள், நெகட்டிவ். மேல்முறையீடு போட்டிருந்தார். அதுவும் சரிவராவிட்டால் ஊருக்குத் திருப்பி அனுப்புவார்கள். ஊரில் அப்போது பொடியன்களையும் ஆம்பிளைகளையும் பிடித்துக்கொண்டு போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. அங்கே அவருக்கு மனைவி மட்டும் இருந்தா. அந்த முடிவு வரும்வரை அவர் பெயரில் ஒரு சின்னக் கறைகூடப் படக்கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் அவர் பஸ் டிக்கெட் எடுத்தாரா என்றுகூடக் கேட்பேன்.

அந்த வேலையை ஒரு காலையில் தொடங்கினார்கள். பழைய ஆணி உள்ளே முறிந்து பிசகு பண்ணியதால் நேரம் இழுபட்டது. தேவாலயத்து மணி பன்னிரண்டு அடித்தது. மணி அடித்தால் ஷெஃப் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார். அது அவருடைய பிடிவாதம். அண்ணை எழும்பவில்லை. அது இவருடைய பிடிவாதம். கூப்பிட்டுக் களைத்துப்போய் நான் சோற்றுக் கோப்பையோடு கீழே இறங்கினேன். வாசலில் எனக்கு முன்னால் ஊர்ப் பொலிஸ்காரர் நுழைந்துகொண்டிருந்தார். திருத்தக் கொடுத்திருந்த பூட்டு ஒன்றை எடுக்க வந்திருக்கிறார், வேறொன்றுமில்லை.

சீருடையைக் கண்டதும் அண்ணை என்ன செய்தார் தெரியுமா? எங்கள் ஊரில் எவரும் செய்வதைச் செய்தார். எழும்பி நின்று இரண்டு கையையும் மேலே தூக்கினார். வலது கையில் பூண் இல்லாத குழலோடு துவக்கு.

பொலிஸ்காரர் வாசல்வரைக்கும் பின்னால் பாய்ந்தார். அவருடைய கை இடுப்புக்குப் போனது. "கீழே போடு!" என்று கத்தினார்.

"அண்ணை, அதைக் கீழை வையுங்கோ!"

"கையை இறக்கினால் சுடுவான் பிள்ளை."

"ஐயோ, இவையள் சுடாயினம்! வையுங்கோ!"

அவர் குனிந்து துவக்கை மேசையில் வைத்தார். என் கையிலிருந்த சோறு தரையில் கொட்டுண்டது. அதற்குள் பொலிஸ்காரர் தொலைபேசியில் இன்னும் ஆட்களைக் கூப்பிட்டுவிட்டார். வந்தவர்கள் குழலின் கட்டையான வாயைப் பார்த்தார்கள், அண்ணையின் அகதி அட்டையைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் கமெராவை எடுத்தார்.

அப்போதுதான் அண்ணை பதறினார். அதுவரைக்கும் அவருக்குப் பயம்தான் இருந்தது. "படம் எடுக்கவேண்டாமெண்டு சொல்லு பிள்ளை. ஒரு மணித்தியாலம் தரச் சொல்லு. மூடினாப்பிறகு எத்தினை படமெண்டாலும் எடுக்கட்டும். இப்ப எடுத்தால் அது வேறை சாமான்!"

நான் சொன்னேன். என் ஜெர்மனில் அது எப்படி விழுந்ததோ தெரியாது. அவர்கள் படம் எடுத்தார்கள்.

ஷெஃப் வாயைத் துடைத்தபடி ஓடிவந்தார். கைகளை ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டு, வேலை செய்தது தான் என்றும் இவர் பிடித்துக்கொண்டு நின்றவர் மட்டும்தான் என்றும் சொன்னார். அவருக்கு வேறு வழியில்லை. உண்மையைச் சொன்னால் அண்ணையின் அனுமதியும் போகும், சுவரில் தொங்கியதும் போகும். பொலிஸ்காரர்கள் துவக்கை எடுத்துக்கொண்டு, அண்ணையையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பின்னேரம் அவரை விட்டுவிட்டார்கள். வந்ததும் வராததுமாக அவர் என்னிடம் கேட்டது, "அந்தத் துவக்கு இப்பவும் திறந்தபடியே கிடக்கு, என்ன?" என்றுதான்.

துவக்கு விஷயத்தில் குற்றம் ஒன்றும் இல்லை என்று கடைசியில் சொன்னார்கள். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள். இன்ன வெள்ளிக்கிழமை காலை துவக்கைத் திருப்பித் தருவோம், அன்று பின்னேரத்துக்குள் ஷெஃப் அதை முடித்துக் கொண்டுவந்து காட்டவேண்டும், தான் செய்த வேலை என்றவர் தானே செய்து முடிக்கட்டும். இந்த இடைவெளியில்தான் அண்ணையின் மேல்முறையீட்டுக்கும் நெகட்டிவ் வந்தது. அந்தப் படத்தால் வந்ததா, அது இல்லாவிட்டாலும் வந்திருக்குமா? எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நான் அந்தப் படத்தால்தான் என்று நினைக்கிறேன். என் கணவர் இல்லை என்கிறார். நாட்டைவிட்டுப் போவதற்கு அண்ணைக்குக் கொடுத்த கெடுவும் அதே வெள்ளிக்கிழமை. மத்தியானம் வந்து விமான நிலையத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அப்படி எவராவது போவார்களா? லாங்கன்தாலில் இருந்த எங்கள் தெரிந்த பொடியன் ஒருவனிடம் கார் இருந்தது. வெள்ளி காலை ஒன்பது மணிக்கு வந்து ஏற்றி, பிரான்ஸ் எல்லைக்கு அந்தப் பக்கம் விட்டுவிடுவதாக ஏற்பாடு. பாரிசில் என் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில் இடமும் சொல்லியாயிற்று. அண்ணை எல்லாவற்றுக்கும் "ஓம்" என்றார். பையும் கட்டி வைத்தார்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குப் பொலிஸ் கந்தோர் திறந்ததும் ஷெஃப் துவக்கை வாங்கிக்கொண்டு வந்தார். ஒன்பது மணிக்குக் கார் வந்து நின்றது. நான் பையைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். அண்ணை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, இரும்பை இறுக்கிப் பிடிக்கிற வைசுக்கு முன்னால் இருந்தார்.

"அண்ணை, கார் நிக்குது."

"நிக்கட்டும்."

"அது கனநேரம் நிக்காது. கார்க்காரத் தம்பிக்கு ரெண்டு மணிக்கு வேலை. இப்ப வெளிக்கிட்டால்தான் அவன் திரும்பலாம்."

"அப்ப அவனைப் போகச் சொல்லு."

"பன்னெண்டுக்குப் பொலிஸ் வரும் அண்ணை!"

"அதுக்குள்ளை முடிச்சிடுவன்."

முடிப்பதுதான் பிரச்சினை என்பதுபோல! எனக்கு அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தில் துவக்கைப் பிடுங்கி எறிந்திருப்பேன். ஷெஃப்புக்கு எங்கள் பாஷை தெரியாவிட்டாலும் வாசலில் நின்ற காரும் என் கையிலிருந்த பையும் விளங்கின. "போ, போ" என்றார். தானே செய்வதாகச் சொல்லி அண்ணையின் கையிலிருந்த அரத்தை வாங்கினார். அது குழலில் தொட்ட இடத்தில் கோணலாக ஒரு கீறல் விழுந்தது. ஷெஃப் அதைப் பார்த்தபடியே நின்றார். அண்ணை அரத்தை மெல்ல அவர் விரல்களுக்குள்ளிருந்து எடுத்தார்.

"இதை இப்பிடியே விட்டிட்டு நான் ஓடினால், அண்டைக்கு எடுத்த படம்தான் உண்மையாகும் பிள்ளை" என்றார். "இந்த மனுசன் பொய்யன், நான் கள்ளன். சரியோ?"

"நீங்கள் உயிரோட இருந்தால் கள்ளனாய் இருந்திட்டுப் போங்கோவன்!"

அவர் வைசை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். தம்பி வெளியே ஹோர்ன் அடித்தான். பிறகு உள்ளே வந்து பார்த்தான், அண்ணையோடு கெஞ்சினான், என்னோடு ஏசினான், மறுபடி வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்தான். பத்தரைக்குக் கார் போகிற சத்தம் கேட்டது. அண்ணை அப்போது வெல்டிங் கண்ணாடியைப் போட்டிருந்தார். அவருக்குக் கேட்டதா என்று தெரியாது. எனக்கு அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் இப்போதும் கேட்கிறது.

அதன்பிறகு அவர் ஒட்டினார், ஆறவிட்டார், அராவினார், தடவிப் பார்த்தார், மறுபடி அராவினார். ஷெஃப்பின் கோணல் கீறலையும் தேய்த்து எடுத்தார். எங்கே குழல் முடிகிறது, எங்கே பூண் தொடங்குகிறது என்று தெரியவில்லை. பிறகு ஷெஃப்பிடம் நீட்டினார். ஷெஃப் இரண்டு கையாலும் பூணைப் பிடித்துத் தன் பலமெல்லாம் சேர்த்து முறுக்கினார். அது அசையவில்லை. அடுத்த கிழமை அமெரிக்கரும் வந்து அப்படித்தான் முறுக்கிப் பார்த்தார், ஷெஃப்பின் முதுகில் தட்டினார், நீதான் செய்தாயா என்று கேட்டார். ஷெஃப் ஓமென்றார். பொலிசிலும் அதைத்தான் சொன்னாராம். நான் அமெரிக்கருக்குக் கோப்பி கொடுக்காமல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அந்த மனுஷனில் ஒரு பிழையும் இல்லை, என்றாலும்.

அந்த வெள்ளிக்கிழமை நான் கூப்பிடாமலே அண்ணை மேலே வந்தார். அதற்கு முன் அப்படி அவர் வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. கையை நன்றாகச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு மேசையில் இருந்தார். நான் சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் வைத்தேன். வழமைக்கு மாறாகச் சூடாகச் சாப்பிட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படியில் நின்றேன். கதைக்க எனக்கு மனமில்லை. அவர்தான் தொடங்கினார்.

"எனக்குக் கலியாணமான புதுசில அவவுக்கு ஒரு தையல் மெசின் வாங்கினனான் பிள்ளை. பழசுதான். நான் முழுக்கக் கழட்டிப் பூட்டிக் கொடுத்தனான். நல்ல மெசின். வருசக்கணக்கா வீட்டில கிடந்தது, அவ ஒருநாளும் அதிலை இருந்து தைக்கேல்லை. நானும் ஏனெண்டு கேக்கேல்லை. நான் வெளிக்கிடுறதுக்கு முதல்நாள்தான் கேட்டனான். அவ கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவா. பிறகு என்னைப் பாத்து—"

படியில் காலடி கேட்டது. யாரோ கதவில் தட்டினார்கள். அண்ணை தண்ணீரைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

"என்ன சொன்னவா அண்ணை?"

அவர் பையை எடுத்தார். கதவைத் திறந்தார். வெளியே நின்றவர்களுக்கு வணக்கம் சொன்னார்.

"அண்ணை, அவ என்ன சொன்னவா?" என்று நான் படியில் நின்று கத்தினேன். அவர் நிமிர்ந்து பார்க்காமல் அவர்களோடு இறங்கிப் போனார். ஒரு விஷயத்தை அவர் பாதியில் விட்டுவிட்டு எழும்பியதை நான் கண்டது அந்த ஒருதரம்தான்.